பழைய கணினியில் தரவழிப்பு

பழைய கணினியில் தரவழிப்பு என்பது, ஒரு கணினியை விற்கும்போதோ, பிறருக்குக் கொடுக்கும்போதோ, மீள்சுழற்சிக்கு அனுப்பும்போதோ அதிலுள்ள தனிநபர் தகவல்களை மீட்டெடுக்க முடியாதபடி நீக்குவதாகும். ஒளிப்படங்கள், ஆதார் நகல், வங்கி விவரங்கள், சேமித்த கடவுச்சொற்கள் ஆகியன இத்தகவல்களுள் அடங்கும். கணினி பழுதாகி நின்றுவிட்டாலும் அதன் சேமிப்பகத்திலுள்ள தரவு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

அட்டையிலிருந்து வன்தட்டுக்கு

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி வட்டாரத்தில் பட்டுச் சேலையின் பூவேலைப்பாட்டுக்குப் பயன்படும் ஜக்கார்டு அட்டைகள் கணினித் தரவின் முன்னோடிகள் எனலாம். பிரான்சு நாட்டின் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய இம்முறையில், எந்த இழை எழும்ப வேண்டும் என்பதை அட்டையிலுள்ள துளைகள் தீர்மானிக்கின்றன. 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹோலரித் துளையட்டைகளில் மக்களின் விவரங்களைப் பதிந்தார். அட்டையைக் கிழித்தால் தகவலும் போய்விடும். போய்விட்டது என்பது கண்ணுக்கும் தெரியும்.

1956-இல் ஐபிஎம் நிறுவனம் வன்தட்டுடன் கூடிய கணினியை அறிமுகப்படுத்தியது. காந்தப் புள்ளிகளாகப் பதியும் தகவல் கண்ணுக்குத் தெரியாது. அது அழிந்ததா இல்லையா என்பதும் தெரியாமற்போனது.

நீக்கினாலும் நீங்காதவை

கணினியில் ஒரு கோப்பை நீக்கும்போது, கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு மட்டுமே பொதுவாக நீக்கப்படுகிறது. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டு, பாடங்களை அப்படியே விட்டுவைப்பதற்கு இது ஒப்பாகும். விரைவு வடிவமைப்பு முறையும் இத்தகையதே.

அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்களான சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் ஆகியோர் 158 பழைய வன்தட்டுகளை வாங்கி ஆராய்ந்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். படிக்க முடிந்த 129 தட்டுகளில் 12 மட்டுமே முறையாக அழிக்கப்பட்டிருந்தன. ஒரு தட்டில் பணம் வழங்கும் இயந்திரத்தின் பரிமாற்ற விவரங்கள் இருந்தன.

பீட்டர் குட்மன் 1996-இல் வெளியிட்ட கட்டுரையில் 35 முறை மேலெழுதும் வழியைக் கூறினார். பிற்கால வன்தட்டுகளுக்கு ஒருமுறை மேலெழுதுவதே பெரும்பாலும் போதும் என 2006-இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் தெளிவுபடுத்தியது. எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகங்களுக்கு இது பொருந்தாது. அவை தேய்மானத்தைச் சமப்படுத்த, புதிய தரவை வேறு இடத்தில் எழுதுகின்றன. பழையது வேறொரு மூலையில் தங்கிவிடக்கூடும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் இதனால் பயனடைந்தனர். பல குடும்பங்களுக்கு வீட்டிற்கு வந்த முதல் கணினி அதுவே. மாணவரின் சான்றிதழ்களோடு வீட்டாரின் குடும்ப அட்டை நகலும் ஒளிப்படங்களும் அதில் சேர்ந்தன. ஆகவே அத்தகைய கணினி தம்பி தங்கையரிடமோ, பழுதுபார்ப்புக் கடைக்கோ, காயலான் கடைக்கோ செல்லும்போது ஒரு குடும்பத்தின் விவரங்களே கைமாறக்கூடும்.

சட்டங்கள்

இந்தியாவில் மின்னணுக் கழிவு விதிகள் 2011-இல் வெளியிடப்பட்டு, 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இவை 2016, 2022 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டன. ஈயம், பாதரசம் போன்ற நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்துவதும் முறையான மீள்சுழற்சியும் இவற்றின் முதன்மை நோக்கங்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நிறுவனங்கள் தேவை முடிந்த தரவை அழிக்க வேண்டும் என இச்சட்டம் கூறுகிறது. ஆனால் ஒருவர் தம் சொந்த, வீட்டுப் பயன்பாட்டுக்காகக் கையாளும் தரவுக்கு இது பொருந்தாது. ஆகவே வீட்டுக் கணினியை அழித்துக் கொடுக்கும் பொறுப்பு உரிமையாளரையே சாரும்.

அழிக்கும் முறைகள்

முதலில் தேவையான கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு, மின்னஞ்சல் முதலிய கணக்குகளிலிருந்து வெளியேற வேண்டும். வன்தட்டு எனில் முழுவதையும் ஒருமுறை மேலெழுதலாம். எஸ்எஸ்டி எனில் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்பான அழிப்பு வசதியைப் பயன்படுத்தலாம். தொடக்கத்திலேயே முழுச் சேமிப்பகத்தையும் குறியாக்கம் செய்திருந்தால், திறவுகோலை அழிப்பதே போதுமானது. இயங்காத கணினியிலிருந்து வன்தட்டைக் கழற்றித் தட்டுகளைச் சிதைத்தல் வேண்டும். எஸ்எஸ்டியில் நினைவகச் சில்லுகளையே உடைக்க வேண்டும். மின்கலத்தைத் துளைக்கவோ உடைக்கவோ கூடாது, தீப்பற்றும். எஞ்சிய பாகங்களைப் பதிவுபெற்ற மீள்சுழற்சியாளரிடம் ஒப்படைக்கலாம்.