யாழ்ப்பாணத்து மாணாக்கரும் பரீட்சைப் பயிற்சியும்

வற்றாத ஆறொன்றும் இல்லாத நாடு யாழ்ப்பாணக் குடாநாடு. சுண்ணக்கற் பாறையின்மேற் படிந்த சிறிதளவு மண்ணைக் கிணற்று நீராற் பண்படுத்தி வாழ்ந்த மக்கள், காணியைப் பிள்ளைகளுக்குப் பங்கிடப் பங்கிட அது பரப்பு முதலிய பல சொற்களால் அளக்கப்படும் சிறு துண்டுகளாய்க் குறுகி வருதலைக் கண்டனர். கல்வியோ பங்கிடக் குறையாதது. ஆங்கிலேயர் ஆட்சியிலே அரசாங்க உத்தியோகத்துக்குப் பரீட்சையே வாயிலாய் அமைந்தபோது, சித்தியெய்துதல் ஒரு குடும்பத்தின் வயிற்றுப்பாட்டோடு பிணைந்த காரியமாயிற்று. கொழும்புக் கந்தோர்களுக்கும் மலாயா நாட்டுப் புகையிரதப் பகுதிக்கும் சென்ற எழுதுவினைஞர் பலரும் இவ்வாயிலாற் சென்றவரே. அங்ஙனமாயின், அவர்களும் அவர்க்கு முன்னிருந்தோரும் பரீட்சைக்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்தனர் என்பது ஆராயத்தக்கது.

திண்ணைப் பள்ளிக்கூடத்திலே ஆண்டிறுதிப் பரீட்சை இல்லை. ஒவ்வொரு நாளும் பரீட்சையே. மணலில் விரலால் எழுதிப் பழகிய சிறுவன் பின்னர் ஏட்டையும் எழுத்தாணியையும் கைக்கொள்வான். எண்சுவடியும் நிகண்டும் மனனஞ் செய்து, நேற்றைய பாடத்தை இன்று ஒப்புவித்த பின்னரே அடுத்த பாடம் பெறுவான். இம்முறையைக் கிளிப்பிள்ளைக் கல்வியென இகழ்தல் இக்காலத்து வழக்கம். ஓர் ஊருக்கு ஓரிரு பிரதிகளே இருந்த காலத்தில் மாணாக்கனது நெஞ்சே அவனுக்கு நூல்நிலையமாயிருந்தது என்பதை இகழ்வோர் மறந்துவிடுகின்றனர்.

ஆயினும் மனனமே கல்வி என்று நம் முன்னோர் கொண்டாரல்லர். 13ஆம் நூற்றாண்டிலே நன்னூல் செய்த பவணந்தி முனிவர், மாணாக்கனுக்குரிய பயிற்சியைக் கணக்குப் போட்டே காட்டுகிறார். ஆசிரியர் சொல்வதை எத்துணைக் கருத்தோடு கேட்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்குதான். உடன் கற்பாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே கிட்டும். இது வெறும் அறவுரையாகத் தோன்றலாம். யாழ்ப்பாணத்துப் பரீட்சை வரலாற்றை நோக்குவார்க்கு இக்கணக்கு எத்துணைச் செம்மையானதென்பது விளங்கும்.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினறியிலே ஆங்கிலம், தமிழ், வடமொழி, கணிதம், வானநூல், தத்துவம் என்பன கற்பிக்கப்பட்டன. அங்கே பரீட்சை பகிரங்கமாக நிகழ்ந்தது. வந்திருந்த கனவான்கள் முன்னிலையில் மாணாக்கர் எழுந்து நின்று வினாக்களுக்கு விடையிறுத்தனர். அவர்தம் அறிவு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கதென இலங்கை அரசாங்கச் செயலாளர் எமர்சன் ரெனன்ற் எழுதினார். நாலு பேர் முன்னிலையில் விளங்கச் சொல்லவேண்டும் என்னும் நிலை இருந்தமையால், விளங்காததை விளங்கியதுபோல் வைத்திருக்க அங்கே இடமில்லை. கற்று வெளியேறியோருட் பலர் ஆசிரியராயினர்.

செமினறி 1855இல் மூடப்பட்டது. ஈராண்டு கழிந்து, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அதன் முதற் பி.ஏ. பரீட்சையிற் சித்தியெய்தினோர் இருவர், இருவரும் யாழ்ப்பாணத்தவர், இருவரும் வட்டுக்கோட்டையிற் பயின்றவர். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. முன்னவர் ஆசிரியர், பின்னவர் அவரிடம் பயின்ற மாணாக்கர். ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே பரீட்சைக்குத் தோற்றி ஒருங்கே சித்தியடைந்த இச்செய்தி யாழ்ப்பாணத்திலே பெருமையோடு எடுத்துச் சொல்லப்படுவது. பெருமை ஒருபுறமிருக்க, அது எவ்வாறு இயன்றது என்று வினாவுவார் சிலரே.

அக்காலத்துச் சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு அமைந்தது. அது கற்பிக்கும் தாபனமன்று. பரீட்சித்துப் பட்டம் வழங்கும் தாபனம். ஆகவே தோற்றுவோர் தம் ஆயத்தத்தைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. விசுவநாதபிள்ளை கணிதத்தில் வல்லவர். 1855இலேயே வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் எழுதி வெளியிட்டவர். ஒரு துறையைப் பிறர்க்காகத் தாய்மொழியில் எழுதி முடித்தவனுக்கு அத்துறையிலே பரீட்சைவினா அச்சமூட்டுமா? தாமோதரம்பிள்ளையோ 1852 முதற் கோப்பாயிலே கற்பித்தவர், சென்னை சென்று பேர்சிவல் பாதிரியாரின் தினவர்த்தமானிப் பத்திரிகையை நடத்தியவர், கள்ளிக்கோட்டையிலும் ஆசிரியராயிருந்தவர். 25 வயதுக்குள் கற்பித்தலிலும் எழுதுவதிலும் பழகிய கை அவருடையது. பவணந்தியார் சொன்ன அரைப்பங்கை இருவரும் பரீட்சை மண்டபத்துக்குள் நுழையுமுன்னரே ஈட்டியிருந்தனர். தாமோதரம்பிள்ளை 1871இல் பி.எல். பட்டமும் பெற்றார். பின்னாளில் வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை ஆகியவற்றை ஏடுகள் ஒப்புநோக்கிப் பதிப்பித்த உழைப்பு பரீட்சைக்காகச் செய்ததன்று. ஆனால் ஒரே பொருளைப் பலமுறை சோதித்துத் தெளியும் பழக்கத்தை அங்கேயும் காண்கின்றோம்.

இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் கல்லூரியிற் பயிலாதார்க்கும் தன் பட்டப் பரீட்சைகளைத் திறந்துவிட்டது. வெளிவாரி மாணாக்கர் என்னும் வகுப்பு உலகெங்கும் பரவிற்று. அவர்க்கெனவே வில்லியம் பிறிக்ஸ் 1887இல் தபால்மூலக் கல்லூரியொன்றை நிறுவினார். இலண்டனிலே கல்லூரிப் படிப்பை இடையில் விட்ட எச். ஜி. வெல்ஸ், வெளிவாரியாய் 1890இல் பி.எஸ்சி. பட்டம் பெற்று, அக்கல்லூரியிலேயே உயிரியல் கற்பித்து, 1893இல் அத்துறைக்குப் பாடநூலும் எழுதினார். வட்டுக்கோட்டை இருவரின் வழி ஆங்கில நாட்டிலும் அதுவே.

யாழ்ப்பாணத்து ஆங்கிலப் பாடசாலை ஆசிரியர் பலர் இவ்வழியே பட்டதாரிகளாயினர். பகலிலே வகுப்பு, மாலையிலே வீட்டுக் கருமம், இரவிலே விளக்கடியிற் புத்தகம். தாம் கற்பிக்கும் பாடத்தையே பரீட்சைக்கும் தெரிந்துகொண்டோர் அரைவழி கடந்தவராயினர். சென்ற ஆண்டுகளின் வினாத்தாள்களைச் சேகரித்து, மணிக்கூட்டை எதிரே வைத்து, குறித்த நேரத்துள் எழுதிப் பார்த்தல் அவர்தம் வழக்கம். வினாத்தாளைக் கற்றலுக்குப் பதிலாகக் கொண்டோர் தோற்றனர். கற்றதைச் சோதிக்கும் உரைகல்லாகக் கொண்டோர் வென்றனர்.

இனி, பாடசாலைச் சிறுவர் செய்தி வேறு. கேம்பிறிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் 1880இல் இலங்கைக்கு வந்தன. வினாத்தாள் கப்பலேறி வந்தது. விடைத்தாள் கப்பலேறிப் போயிற்று. பாடத்திட்டம் ஆங்கிலப் பிள்ளைகளுக்கு வகுத்தது. தேம்ஸ் நதியின் கிளைகளை மூச்சுவிடாது ஒப்புவித்த பையன், மாரியிலே தன் ஊரருகில் ஓடும் வழுக்கையாறு எங்கே தொடங்குகிறதென அறியாதிருந்தான். பிறர்க்கு விளக்க இயலாத, தானும் காணாத பொருளை மனனஞ் செய்வதன்றி அவனுக்கு வேறு வழியில்லை. திண்ணைப் பள்ளி மனனத்துக்குப் பொருள் பின்னராயினும் விளங்கிற்று, இதற்கு அதுவுமில்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் கண்டு, இந்நாட்டுக்கு உரிய பல்கலைக்கழகம் வேண்டுமெனப் போராடியதற்கு இக்குறையும் ஒரு காரணம். பல்கலைக்கழகக் கல்லூரி 1921இல் வந்தது. பல்கலைக்கழகம் 1942இல் வந்தது. தமிழ்க் கல்வியில் நாட்டங்கொண்டோர், 1901இல் எழுந்த மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பரீட்சைக்கும், பின்னர் யாழ்ப்பாணத்து ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் பரீட்சைகளுக்கும் தோற்றினர். அங்கே சூத்திரத்துக்கு உரை சொல்லத் தெரியாதவன் தப்ப முடியாது.

1970ஆம் ஆண்டை அடுத்து நிகழ்ந்தது பரீட்சையின்மேல் வைத்த நம்பிக்கையையே அசைத்தது. மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியோர் 250 புள்ளியும், சிங்களமொழி மூலம் எழுதியோர் 229 புள்ளியும் பெறவேண்டும் என்றானது. பேராதனைப் பொறியியலுக்கு 250உம் 227உம். பின்னர்த் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. ஆய்வுகூடமில்லாத பின்தங்கிய மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு வாயில் திறந்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆயின் எழுதிய மொழிபற்றி வேறு வேறு எல்லை வகுத்தமைக்கு அத்தகைய நியாயம் யாதுமில்லை. உழைப்பே போதுமென நம்பிய சமுதாயம் இன்னும் சில புள்ளிகள் வேண்டுமெனப் பதறிற்று. தனியார் கல்வி நிலையங்கள் பெருகின. வகுப்பிற் கேட்டதை மாலையிலும் மற்றொருவர் வாயால் கேட்டல் பவணந்தியாரின் முதற் காற்பங்கை இரட்டிப்பதேயாம். மற்ற முக்காற் பங்குக்குரிய நேரத்தை அது தின்றுவிட்டது.

1990க்குப் பின் மின்சாரம் அற்றது. மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடையால் அரிதாயிற்று. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. ஜாம் போத்தலின் அடியிலே சிறிது எண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கிலே உயர்தரப் பரீட்சைக்குப் படித்தனர். 1995இன் இடப்பெயர்வில் புத்தகங்களைக் கைவிட்டுக் கைக்கொப்பிகளை மாத்திரம் சுமந்து சென்றோரும் உளர். எண்ணெய் மிச்சம் பிடிக்க ஒரு விளக்கைச் சுற்றி மூவர் நால்வர் அமர்ந்தனர். ஒருவன் வெளிச்சத்தருகே இருந்து வாசித்தான். எட்ட இருந்தவன் வினாவினான். வாசித்தவன் நிறுத்தி விளக்கினான். மறுநாள் வேறொரு வீட்டு விளக்கு, வேறொருவன் வாசித்தான்.