கதிர்ப்படத் தொழில்நுட்பப் படிப்பு
எக்ஸ்-ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகளில் படமெடுக்கப் பயிற்றும் துணை மருத்துவக் கல்வி. தமிழ்நாட்டில் இதற்கான இளநிலைப் பட்டத்தை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் வழங்குகிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி இப்பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. உடற்கூறியல், உடலியங்கியல், கதிர் இயற்பியல், படமெடுக்கும் நிலைகள், கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆகியவை முக்கியப் பாடங்கள்.

காசநோயைக் கண்டறிய உதவும் மார்புப் படத்துக்கு, நோயாளியின் தோள்களை முன்னே தள்ளி நிறுத்த வேண்டும். அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காது. மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் படமெடுப்பார்கள். நிலை பிசகினால் மறுபடம் எடுக்க நேரும். அது நோயாளிக்கு வீண் கதிர்வீச்சு.

கதிர்ப் பணியாளர் ஈயக் கவசத்துக்குள் மார்பில், கதிரளவை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் அணிவர். அவர்கள் பெறும் கதிரளவு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டையும், எந்த ஓராண்டிலும் 30 மில்லிசீவர்ட்டையும் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி.