ஏரி மதகின் சாவி யார் கையில்?



மதகைத் திறப்பதும் மூடுவதும் நீர்கட்டியின் வேலை. ஆனால் கரை உடைந்தால் யார் செலவு, தூர் வாருவது யார் பொறுப்பு என்று கேட்டால் ஊருக்கு ஒரு பதில் வரும். காரணம், ஏரியின் மேலுள்ள அதிகாரம் ஓரிடத்தில் இல்லை. ஊரில் கொஞ்சம், சென்னையில் கொஞ்சம், டெல்லியில் கொஞ்சம். கடல் தாண்டி வாஷிங்டனிலும் கொஞ்சம் இருந்திருக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கோயில் சுவரைப் பார்த்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து, அதாவது 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அப்படி வந்தவர்களில் 6 பேர் ஏரி வாரியம். வயது 35-க்குக் குறையக்கூடாது, 70-ஐத் தாண்டக்கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள் போகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகாது. எவ்வளவு கறார் பாருங்கள்!

அரசனின் ஆணைப்படி, அவனுடைய அதிகாரி உடனிருக்கத்தான் சபை இந்த ஏற்பாட்டைச் செய்தது. ஆக, ஊரும் அரசும் அதிகாரத்தைப் பங்கு போட்டது அப்போதே உண்டு. ஆனால் அது பிராமணர் ஊர்ச் சபை. சேற்றில் இறங்கி உழுதவன் பெயர் அந்தக் குடத்தில் விழவில்லை. அதனால் அதை அப்படியே இன்றைய ஜனநாயகம் என்று பேசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கணக்கு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வருகிற குடிமராமத்து. வெள்ளைக்காரன் வரியை ரொக்கமாக வாங்கிக்கொண்டான். ஊரிடம் மராமத்துக்குப் பணம் தங்கவில்லை. வழக்கம் தேய்ந்ததும், கரை உடையும் ஆபத்து வந்தால் ஊர்க்காரரைக் கட்டாயமாக வேலைக்குக் கூப்பிட 1858-இல் சட்டமே போட்டார்கள். தானா வந்த ஆளைச் சட்டம் போட்டு இழுக்க வேண்டியதாச்சு.

சுதந்திரத்துக்குப் பின், அரசியல் சட்டம் பாசனத்தை மாநிலத்திடம் கொடுத்தது. பல மாநில ஆறுகளை நாடாளுமன்றம் ஒழுங்குபடுத்தலாம் என்றது. நம் மாநிலத்தில் 100 ஏக்கர், அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித்துறைக்கு. சின்ன ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்துக்கு. 1992-இல் 73-ஆவது திருத்தம் 29 துறைகளை ஊராட்சிக்குரியவையாகப் பட்டியல் போட்டது. சிறுபாசனமும் அதில் உண்டு. எவ்வளவு அதிகாரத்தை இறக்கிக் கொடுப்பது என்பதை மட்டும் மாநிலத்திடமே விட்டுவிட்டார்கள். பட்டியல் வந்தது, சாவி வரலை.

1995-இலிருந்து உலக வங்கிக் கடனில் நம் பாசனத் திட்டங்கள் நடந்தன. தண்ணீர் பாய்ச்சுகிறவரே சங்கம் வைத்து நிர்வகிக்கணும் என்ற கருத்து அந்தக் காலத்தில் பல நாடுகளுக்குக் கடனோடு சேர்ந்தே போனது. இங்கே 2000-இல் பாசன அமைப்புகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டம் வந்தது. ஆயக்கட்டுக்காரர் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். உத்திரமேரூரில் இருந்த சங்கதி வாஷிங்டன் போய்த் திரும்பி வந்த மாதிரி இல்லீங்களா! 2017-இல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே திட்டம் கொண்டுவந்து, விவசாயிகள் பங்கு 10 சதவீதம் என்று வைத்தது.

ஐக்கிய நாடுகள் சபை 1993 முதல் மார்ச் 22-ஐ உலகத் தண்ணீர் நாளாக வைத்திருக்கிறது. அந்த நாளைத் தமிழக அரசு கிராமசபை நாள்களிலும் சேர்த்திருக்கிறது. ஒன்றியத்து ஏரி என்றால் செலவுக் கணக்கை அங்கே கேளுங்கள். பெரிய ஏரி என்றால், பொதுப்பணித்துறையிலிருந்து 2021-இல் தனியாகப் பிரிந்த நீர்வளத்துறையின் உதவிப் பொறியாளரிடம் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும். முதலில் உங்கள் ஏரி எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.