இல்லத் தோட்டத்தில் மஞ்சள் மலர்ச் செடிகள்

வீட்டின் முற்றத்திலும் புறக்கடையிலும், இடம் குறுகிய நகர இல்லங்களில் மாடியின் தொட்டிகளிலும், பூசைக்காகவோ கூந்தலில் சூடுவதற்காகவோ கண்ணுக்கினிய காட்சிக்காகவோ வளர்க்கப்பெறும் பொன்னிறப் பூக்களையுடைய செடி, கொடி, புதர், மரம் ஆகியவை இத்தலைப்பில் அடங்கும். தாவர சாஸ்திர முறைப்படி இவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. செவ்வந்தியும் சூரியகாந்தியும் ஒரு குடும்பம், ஆவாரையும் கொன்றையும் மற்றொன்று, பொன்னரளியும் அல்லமண்டாவும் வேறொன்று, பூசணியும் பீர்க்கும் இன்னொன்று என, நிறம் ஒன்றைத் தவிர வேறு உறவில்லாத பல குலங்கள் இங்கே ஒருங்கு கூடுகின்றன. ஆகவே, தமிழ்நாட்டு இல்லமொன்றில் மஞ்சள் நிறத்தைப் பன்னிரண்டு மாதமும் காண விரும்புவோர், ஒவ்வொரு செடியும் ஆண்டில் எந்தப் பருவத்தில், நாளில் எந்த வேளையில் மலரும் என்பதை முதலில் அறிந்து, அதன் பின்னரே மண்ணையும் எருவையும் பற்றிச் சிந்தித்தல் முறையாகும்.

நிறத்தின் காரணம்

மலரின் மஞ்சள் நிறம் ஒரே பொருளால் உண்டாவதன்று. பெரும்பாலான பூக்களில் அதற்குக் காரணமாயிருப்பவை கரோட்டினாய்டுகள் எனப்படும் நிறப்பொருள்கள். இவை நீரில் கரையாதவை, கொழுப்பில் கரைபவை. இதழின் உயிரணுக்களிலுள்ள நுண்ணிய கணிகங்களில் தங்கியிருப்பவை. துலுக்கச் சாமந்தியின் இதழில் மிகுதியாகவுள்ள லூட்டீன் இவ்வகையினதே. அவ்விதழ்களை உலர்த்தி அவற்றின் சாரத்தைக் கோழித் தீவனத்தில் சேர்ப்பதால் முட்டையின் மஞ்சட்கரு நிறம் ஏறுகிறது. டேலியா முதலிய வேறு சிலவற்றில் பிளேவனாய்டு இனத்தைச் சேர்ந்த பொருள்கள் உயிரணுச் சாற்றில் கரைந்து நின்று மஞ்சள் நிறத்தைத் தருகின்றன. பத்துமணிப்பூ, அந்திமந்தாரை ஆகியவற்றின் மஞ்சள் வகைகளிலோ இவ்விரண்டினும் வேறான பெட்டாசாந்தின் என்னும் பொருளே அந்நிறத்துக்குக் காரணம். நிறம் நிலையானதும் அன்று; பூவரசம் பூ காலையில் வெளிர்மஞ்சளாய் விரிந்து, பொழுது சாயச் சாயச் சிவந்து, ஊதா கலந்த செந்நிறம் பெற்று உதிர்வதை எவரும் காணலாம்.

மலரும் காலம்

ஸ்வீடன் நாட்டுத் தாவர சாஸ்திரியான லின்னேயஸ், 1751-ல் வெளியிட்ட தம் நூலில், பூக்கள் விரியும் நேரங்களையும் குவியும் நேரங்களையும் தொகுத்து, மலர்களைக் கொண்டே நாழிகையை அறியலாம் என்னும் கருத்தை விளக்கினார். நம் இல்லத் தோட்டத்து மஞ்சள் பூக்களும் இதற்குத் தக்க உதாரணங்கள். பூசணியும் பரங்கியும் விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்கு முன்னரே வாடிவிடும். பத்துமணிப்பூ வெயில் ஏறிய பின்னரே கண் திறக்கும், மேகம் மூடிய நாட்களில் விரியத் தயங்கும். அந்திமந்தாரை பிற்பகல் நான்கு மணி அளவில் மலரத் தொடங்கும். பீர்க்கம்பூ பொழுது சாயும் வேளையில் விரிந்து இரவு முழுதும் திறந்திருக்கும். பீர்க்கின் உறவாகிய நுரைப்பீர்க்கோ காலையில் மலர்வது.

ஆண்டின் பருவங்களைப் பொறுத்தும் இத்தகைய வேறுபாடு உண்டு. சரக்கொன்றை சித்திரை, வைகாசி வெயிலில் இலைகளை ஏறக்குறைய முற்றும் உதிர்த்துவிட்டுச் சரம் சரமாய்ப் பூக்கும். பரங்கிப்பூ மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் இடம்பெறும். தைப் பொங்கலுக்கு முன்னாளில் காப்புக் கட்டுவதற்கு வேப்பிலை, சிறுபீளை ஆகியவற்றுடன் ஆவாரம்பூ வேண்டப்படும்.

செவ்வந்தி பூப்பது பகலின் நீளத்தைப் பொறுத்தது. கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 1920-ல் வெளியிட்ட ஆய்வினால், சில தாவரங்கள் பகல் குறுகி இரவு நீளும் காலத்திலேயே பூக்கும் என்னும் உண்மை தெளிவாயிற்று. செவ்வந்தி அத்தகைய குறும்பகல் தாவரம். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே வேறுபாடாயினும், அச்சிறு வேறுபாட்டையே அறிகுறியாகக் கொண்டு அச்செடி ஐப்பசி முதல் தை வரை பூத்துக் குலுங்குகிறது. இதனால், இரவு முழுதும் தெருவிளக்கோ வாயில் விளக்கோ படும் இடத்தில் நடப்பட்ட செவ்வந்தி, நோய் ஒன்றும் இன்றித் தழைத்திருந்தும் பூவாது காலம் தாழ்த்தும். அதனை இருண்ட மூலைக்கு மாற்றுவதே பரிகாரம்.

பருவச் செடிகள்

செவ்வந்தி: பூத்து ஓய்ந்த தாய்ச்செடியின் அடியில் எழும் பக்கக் கன்றுகளைப் பிரித்து, சித்திரைக்கும் ஆனிக்கும் இடையே, கன்றுக்குக் கன்று 30 செ.மீ. இடைவெளி விட்டு நடுதல் வழக்கம். நட்ட நான்கு வாரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். கிளைகள் பெருகினால் பூவும் பெருகும். நீர் தேங்கினால் வேர் அழுகும். தமிழ்நாட்டு வேளாண் ஆராய்ச்சியாளர் அளித்த வகைகளுள் கோ 1, எம்.டி.யு 1 ஆகிய இரண்டும் மஞ்சள் நிறத்தவை.

துலுக்கச் சாமந்தி: மெக்சிகோ நாட்டைத் தாயகமாகக் கொண்டு, ஐரோப்பியர் வாயிலாகப் பரவி, இன்று இந்நாட்டு மாலைகளில் நீங்கா இடம் பெற்றுவிட்டது. விதை ஒரு வாரத்துக்குள் முளைக்கும். ஒரு மாத நாற்றைப் பிடுங்கி 45 செ.மீ. இடைவெளியில் நட்டு, பிறகு ஒருமுறை நுனி கிள்ளிவிட வேண்டும். வேர்களில் முடிச்சுகளை உண்டாக்கும் நூற்புழுக்களை அடக்கும் பொருள் இதன் வேரில் இருப்பதால், கத்தரி, தக்காளிப் பாத்திகளில் இதனை மாற்றுப்பயிராக வைத்தல் நன்மை தரும்.

சூரியகாந்தி: நாற்றுப் பிடுங்கி நடுவதினும் நேரே விதைப்பதே நன்று. ஞாயிற்றைத் தொடர்ந்து முகம் திருப்புவது இளம் பருவத்து மொட்டுகளே. முற்றி விரிந்த பூ கீழ்த்திசை நோக்கியே நிலைத்து நிற்கும். ஆதலால், பூவின் முகத்தை வீட்டிலிருந்து காண விரும்புவோர் அதனை வீட்டின் மேற்குப் புறத்தில் விதைத்தல் வேண்டும்.

புதர்களும் கொடிகளும்

அல்லமண்டா தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. எக்காளம் போன்ற பெரும் பூக்களை ஆண்டின் பெரும்பகுதியும் தரும். முற்றாத கிளையில் ஒரு சாண் அளவு போத்து வெட்டி, மணல் கலந்த மண்ணில் நிழலில் வைத்தால் வேர் பிடிக்கும். பந்தலிலோ சுற்றுவேலியிலோ படரவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை கவாத்துச் செய்யாவிடின் பூ கொடியின் நுனிக்கே ஏறிவிடும். டெகோமா எனத் தோட்டக்காரர் வழங்கும் புதரும் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்ததே; வறட்சியைத் தாங்குவது, வெயில் முற்றும் படும் இடத்தில் கொத்துக் கொத்தாய்ப் பூப்பது. மஞ்சள் செம்பருத்தியின் ஒட்டு வகைகள் எருவும் நீரும் மிகுதியாக வேண்டுபவை. மாவுப்பூச்சிக்கு எளிதில் இரையாகுபவை.

ஆவாரை தரிசு நிலத்திலும் சாலையோரத்திலும் தானே வளரும் இந்நாட்டுச் செடியாயினும், தோட்டத்தில் வைக்கத் தகாததன்று. அதன் பட்டை தோல் பதனிடும் தொழிலுக்கு நெடுங்காலம் பயன்பட்டது; பூவை உலர்த்திக் கஷாயமாகவும் குளியல் பொடியிலும் சேர்ப்பது வழக்கம். விதையின் தோல் கடினமானதாகையால், சுடுநீரில் இட்டு ஓர் இரவு ஊறவைத்து விதைத்தல் வேண்டும். ஆணிவேர் ஆழமாய் இறங்கும் இயல்பினதாகையால், வளர்ந்த கன்றைப் பெயர்த்து நட்டால் பிழைப்பது அரிது.

மரங்கள்

இடமுள்ள இல்லங்களுக்கு உரியவை சரக்கொன்றையும் சண்பகமும். சிவபெருமான் சூடும் மலராகத் தமிழ் இலக்கியம் போற்றும் கொன்றை, கேரளத்தில் விஷுக்கணி தரிசனத்துக்கு இன்றியமையாதது. அம்மாநிலத்தின் மலராகவும், தாய்லாந்து நாட்டின் தேசிய மலராகவும் அது கொள்ளப்பட்டுள்ளது. நீண்ட உருளைபோன்ற காயினுள் அடங்கிய விதைகளின் தோலைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்தோ, சுடுநீரில் ஊறவைத்தோ விதைக்காவிடின் முளைப்பு மிகத் தாமதிக்கும். இருபுறமும் ஆழமும் 60 செ.மீ. அளவினதாகக் குழி தோண்டி, மேல்மண்ணுடன் தொழு உரம் கலந்து நிரப்பி, சுவரிலிருந்து போதிய தூரம் தள்ளி நடவேண்டும். பூக்கச் சில ஆண்டுகள் காத்திருத்தல் அவசியம். பொன்வெளிறிய நிறமும் மிகுந்த பரிமளமும் உடைய சண்பகம், விதையிலிருந்து வளர்த்தால் பூக்க நெடுநாள் எடுக்கும். ஒட்டுக்கன்று விரைவில் பூக்கும்.

கறிகாய்த் தோட்டத்து மஞ்சள்

பூந்தோட்டம் என ஒன்று வகுக்காத இல்லத்திலும் புறக்கடைப் பந்தலே பொன்னிறம் காட்டுவதுண்டு. பூசணி, பரங்கி, பீர்க்கு, பாகல், வெள்ளரி, தக்காளி, கடுகு, நிலக்கடலை ஆகிய யாவும் மஞ்சள் பூவினவே. வெண்டைப்பூ மஞ்சள் இதழும் நடுவே கருஞ்சிவப்புப் புள்ளியும் கொண்டு, காட்சியில் செம்பருத்தியின் உறவென்பதை வெளிப்படுத்தும். பூசணிக் கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே தோன்றும்; முதலில் வருபவை பெரும்பாலும் ஆண்பூக்கள். பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு காணப்படும். ஆதலின் மார்கழிக் கோலத்துக்கு ஆண்பூக்களைப் பறிப்பதால், மகரந்தத்துக்குச் சில மிஞ்சும்வரையில், காய்ப்புக்கு நட்டமில்லை. தேனீ வரத்துக் குறைந்த நகரங்களில், விடியற்காலையில் ஆண்பூ ஒன்றின் இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் தடவிவிட்டால் பிஞ்சு உதிராமல் நிற்கும்.

பூச்சிகளின் வருகை

தேனீ செந்நிறத்தைக் காணாது, மஞ்சளையும் நீலத்தையும் நன்கு பகுத்தறியும். நம் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிரையும் காணும். இதனால், நமக்கு ஒரே மஞ்சளாய்த் தோன்றும் சூரியகாந்தியின் இதழ்வட்டம், அடிப்பகுதி அக்கதிரை உட்கொள்ள நுனிப்பகுதி எதிரொளிக்க, தேனீக்கு இரு நிறமாய்த் தோன்றி நடுவிடத்தைக் காட்டிக் கொடுக்கிறது. ஆவாரம்பூவில் தேன் இல்லை. மகரந்தப்பையின் நுனியில் சிறு துளை மாத்திரம் உண்டு. கருவண்டெனப்படும் தச்சுத் தேனீ அதனைப் பற்றி உடலை அதிர்வித்தே மகரந்தத்தை உதிர்க்கிறது. பீர்க்கம்பூவை அந்திக்குப் பின் விட்டில்கள் நாடுகின்றன. கொன்றை, ஆவாரை இலைகளில் மஞ்சள் நிற வண்ணத்துப் பூச்சிகள் சில முட்டையிடுகின்றன. இலைகள் சிறிது கடிபட்டிருப்பது கண்டு மருந்து தெளிப்போர் அப்பூச்சிகளை இழப்பர்.

மஞ்சள் நிறம் தீமை செய்யும் வெள்ளை ஈயையும் அசுவினியையும் கூடக் கவரும். இவ்வியல்பைப் பயன்படுத்தி, மஞ்சள் வண்ணம் பூசிய தகரத்திலோ அட்டையிலோ ஆமணக்கெண்ணெய் தடவிச் செடிகளிடையே தொங்கவிட்டால் அவை வந்து ஒட்டிக்கொள்ளும். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் கண்ட வெண்டைச் செடியை வேரோடு நீக்கிவிட வேண்டும். கோடையில் துலுக்கச் சாமந்தியைத் தாக்கும் சிவப்புச் சிலந்திப்பேனுக்கு, இலையின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீய்ச்சுவதும் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதும் ஏற்றவை.

விலக்கத் தக்கவை

பொன்னரளி எளிதில் வளர்ந்து ஓயாது பூப்பதாயினும், அதன் எல்லாப் பாகங்களும், சிறப்பாக விதைகள், இதயத்தின் இயக்கத்தைக் குலைக்கும் கொடிய நஞ்சுடையவை. குழந்தைகளும் ஆடுமாடுகளும் உலவும் இல்லங்களில் இதனை வைத்தலாகாது. முன்னரே இருப்பின் காய்களை அவ்வப்போது நீக்க வேண்டும். அல்லமண்டாவின் பாலும் உண்ணத் தகாதது. தரையை மூடப் பயன்படும் வெடேலியா என்னும் படர்செடி, உலகின் மிகக் கொடிய 100 அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. கண்ட துண்டிலிருந்தெல்லாம் தழைத்து நீர்க்கால்களை அடைப்பதாகையால், இதனை நிலத்தில் விடாது தொட்டியோடு நிறுத்துதல் நன்று. மஞ்சள் கொன்றை எனப்படும் அமெரிக்க மரம், முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி இயற்கைத் தாவரங்களை நெருக்குவதால் அரசே அதனை அகற்றி வருகிறது. கொன்றைக் கன்று வாங்குவோர் இரண்டையும் மயங்காது, தொங்கும் சரமாய்ப் பூக்கும் நாட்டுக் கொன்றையையே தேர்ந்துகொள்ள வேண்டும்.

தோட்ட அமைப்பு

மேற்கூறிய யாவும் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் நேர்வெயில் வேண்டுபவை. நிழலில் இலை தழைக்குமேயன்றிப் பூ குறையும். செம்மண், மணல், தொழு உரம் மூன்றையும் சம பாகமாகக் கலந்து, கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குச் சேர்த்தால் தொட்டிக்கு ஏற்ற மண்ணாகும். தழைச்சத்தை மிகுதியாக இடுவது பூவைக் குறைக்கும்.

சிறு இல்லத்திற்குப் போதிய ஒழுங்கு ஒன்றைப் பின்வருமாறு வகுக்கலாம்: வாயிற்புறத்தில் மழைக்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்கும் டெகோமாவோ ஆவாரையோ ஒன்று, விளக்கொளி படாத பாத்தியில் பனிக்காலத்துக்கெனச் செவ்வந்தி, அது ஓய்ந்ததும் அடுத்த பாத்தியில் கோடைக்கெனத் துலுக்கச் சாமந்தி, காலையில் வீட்டிலிருப்போர் காண ஒரு பூசணிக் கொடி, பணி முடிந்து மாலையில் திரும்புவோர் காண ஒரு பீர்க்கும் இரண்டொரு அந்திமந்தாரையும். செவ்வந்தியின் பக்கக் கன்றுகளையும், நன்கு பூத்த செடிகளின் விதைகளையும் மறுபருவத்துக்கெனப் பாதுகாத்துவைப்பின், ஆண்டுதோறும் புதிதாக வாங்கும் செலவின்றியே இவ்வொழுங்கு தொடர்ந்து நடைபெறும்.