போர்க்காலச் சென்னை: துறைமுகம் முதல் தாம்பரம் வரை

கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. அந்தப் பாதையை ஒட்டிய பல இடங்கள் உலகப் போர்களின் சுவடுகளைச் சுமந்து நிற்கின்றன.

உயர் நீதிமன்றச் சுவர்

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கியது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. இதை நினைவூட்டும் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் உள்ளது. அச்சத்தில் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். கெட்டிக்காரனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கமும் அப்போது பிறந்ததே.

1942: காலியான நகரம்

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச் 8 அன்று நகரம் வீழ்ந்தது. அங்கே வணிகம் செய்துவந்த தமிழ் முஸ்லிம்கள் உட்பட ஏராளமான இந்தியர்கள் கடைகளையும் வீடுகளையும் விட்டுவிட்டுத் தாயகம் திரும்பினர். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் மலைகளையும் காடுகளையும் நடந்தே கடந்தனர். வழியிலேயே இறந்தவர்கள் பலர்.

ஏப்ரல் 5 அன்று கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. அடுத்த சில நாட்களில், நகரில் அவசியப் பணி இல்லாதவர்கள் வெளியேறுமாறு சென்னை அரசு அறிவுறுத்தியது. ரயில் நிலையங்கள் நிரம்பி வழிந்தன. உயர் நீதிமன்றம் கோவைக்கு மாறியது. குண்டுவீச்சில் கூண்டு உடைந்தால் ஆபத்து என்று, பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன.

ஜப்பானியப் படை கரையேறவே இல்லை. 1943 அக்டோபரில் ஒரு விமானம் வந்து துறைமுகப் பகுதியில் சில குண்டுகளைப் போட்டுச் சென்றது, அவ்வளவுதான்.

அரிசியும் ரேஷனும்

வீடுகளை உண்மையில் தாக்கியது குண்டு அல்ல, தட்டுப்பாடு. பர்மா அரிசி வரத்து நின்றது, விலை ஏறியது. 1943-இல் சென்னையில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த பணத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு இது இரட்டை இடி.

தாம்பரம் விமானத்தளம்

இன்று இந்திய விமானப்படை வசமுள்ள தாம்பரம் தளத்தைப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் படைகள் பயன்படுத்தின. பிரிட்டிஷ் கடற்படை அங்கே விமானங்களைப் பழுதுபார்க்கும் பிரிவு ஒன்றையும் நடத்தியது.

பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் நம்மிடையே வாழ்கிறார்கள். பழைய கடிதம், கடை ரசீது, கப்பல் சீட்டு எதுவும் வீட்டில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பெரியவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வையுங்கள். கல்வெட்டில் இல்லாத வரலாறு அது.