உதடு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது
பின்னணிப் பாட்டு பிறந்த கதை

1945-ல் ஏவி.எம்.மின் ‘ஸ்ரீவள்ளி’ வெளிவந்தது. முருகனாக டி.ஆர். மகாலிங்கம், வள்ளியாக குமாரி ருக்மிணி. மகாலிங்கம் மேல் ஸ்தாயியில் எட்டுக்கட்டைக் குரலெடுத்துப் பாடினால் கொட்டகை அதிரும். அந்தக் குரலுக்கு ருக்மிணியின் பாட்டு ஈடுகொடுக்கவில்லை என்று ஏ.வி. மெய்யப்பச் செட்டியாருக்குப் பட்டது. ருக்மிணியின் நடிப்பிலோ தோற்றத்திலோ குறையில்லை. அதனால் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அவர் பாடிய பாட்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, வேறொரு பெண்ணைப் பாடவைத்து அந்தக் குரலைப் பொருத்தினார். பாடியவர் பி.ஏ. பெரியநாயகி, பண்ருட்டிக்காரர். எங்கள் விருத்தாசலத்திலிருந்து பண்ருட்டி கிட்டத்து ஊர்தான், இரண்டுமே பழைய தென்னார்க்காடு. எங்கள் ஊர்ப் பழமலைநாதர் கோயில் அம்மனுக்கும் பெரியநாயகி என்று பெயர் உண்டு. சில படங்களில் தாமே நடித்துப் பாடியிருந்த பெரியநாயகி, இந்தப் படத்தில் முகம் காட்டாமலே வள்ளியானார்.

இதைச் செய்வது லேசான வேலை இல்லை. ஓடுகிற படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே பாட வேண்டும். ருக்மிணி வாய் திறக்கும் இடத்தில் பெரியநாயகியின் சொல் விழ வேண்டும். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் இவரும் வாங்க வேண்டும். சங்கதி கூடுதலாகப் போட மனம் துடித்தாலும் திரையில் உதடு மூடிவிட்டால் பாட்டையும் முடித்தாக வேண்டும். கச்சேரி மேடையில் தன்னிஷ்டம்போல் பாடிப் பழகியவர், முன்பே அசைந்து முடிந்துவிட்ட இன்னொருவரின் உதட்டுக்குள் தன் பாட்டை அடக்கிக் காட்டினார்.

தமிழில் இதற்கு முன்னோடி அதே செட்டியாரின் ‘நந்தகுமார்’. 1938-ல் வந்த அந்தப் படத்தில் தேவகி வேடத்துக்கு லலிதா வெங்கட்ராமன் குரல் கொடுத்தார். தமிழ்த் திரையின் முதல் பின்னணிக் குரல் அது என்று திரை வரலாறு எழுதுகிறவர்கள் குறிக்கிறார்கள். இந்தியாவில் அதற்கும் முன்பே, 1935-ல், கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில் நிதின் போஸ் இயக்கி ஆர்.சி. போரால் இசையமைத்த ‘தூப் சாவ்’ படத்தில் பின்னணிப் பாட்டு வந்துவிட்டது. ஆனால் இந்த நுட்பம் பிறந்த கதையைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால், அது இல்லாத காலத்தில் பாட்டு எப்படி எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

தமிழ் பேசிய முதல் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரலில் திரையிடப்பட்டது. இயக்கியவர் எச்.எம். ரெட்டி. எடுத்தது பம்பாயில். கதாநாயகன் தெலுங்கில் பேச, கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசிய படம். கதைக்கும் காலத்துக்கும் ஒட்டாமல் தியாகராஜர் கீர்த்தனை வந்தது. மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய தேசியப் பாட்டும் வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களைக் கேட்டு வளர்ந்த கூட்டம் அது. நாடக மேடையில் கிட்டப்பா பாட நின்றால் கதை நிற்கும், காலம் நிற்கும், கூட்டம் ‘ஒன்ஸ்மோர்’ கேட்கும். ஊர் ஊராக மக்கள் வண்டி கட்டிக்கொண்டு போனது ஒரு தொண்டையைக் கேட்கத்தான்.

அந்த வழக்கம் அப்படியே சினிமாவுக்குள் குடியேறியது. 1934-ல் கே. சுப்ரமணியம் இயக்கிய ‘பவளக்கொடி’யில் ஐம்பது பாட்டு. எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் ஒவ்வொன்றையும் கேமரா முன்னால் நின்றபடியே பாடினார்கள். மைக் தலைக்கு மேலே தொங்கும். ஆர்மோனியக்காரரும் பிடில்காரரும் மிருதங்கக்காரரும் படச் சட்டத்துக்கு வெளியே, செட்டின் மரத்துக்குப் பின்னாலோ தூணுக்குப் பின்னாலோ உட்கார்ந்து வாசிப்பார்கள். பாடுகிறவர் முகத்தை அதிகம் திருப்பக் கூடாது. திருப்பினால் குரல் மைக்கை விட்டு விலகிவிடும். சுருதி பிசகினால் காட்சியே முதலிலிருந்து. காக்கை கரைந்தாலும் முதலிலிருந்து. காக்கை விரட்டவே ஆள் போட்டிருந்தார்கள் என்பது அந்நாள் ஸ்டுடியோக் கதைகளில் தவறாமல் வரும். 1934-ல் சென்னையிலேயே ஒலிப்பட ஸ்டுடியோவைத் தொடங்கிய ஏ. நாராயணனின் மனைவி மீனாட்சி நாராயணன்தான் அங்கே ஒலிப்பதிவு செய்தார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு இத்தனை தொல்லைகளுக்கு நடுவே குரலைப் பிடித்தவர் ஒரு பெண் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அப்படியானால் நடிக்க வர யாரால் முடியும்? பாடத் தெரிந்தவர்களால் மட்டும்தான். பாடத் தெரிந்த பெண்களோ பெரும்பாலும் இசைவேளாளர் குடும்பங்களிலிருந்தும் நாடக மேடையிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் பாட்டை ஊரே கொண்டாடியது, அவர்களை மரியாதையாக வீட்டுக்குள் அழைக்க மட்டும் தயங்கியது. ‘குடும்பப் பெண்’ என்று சொல்லப்பட்டவர்களுக்கோ மேடையும் திரையும் எட்டாத இடம். எவ்வளவு ஞானம் இருந்தாலும் பாட்டு கூடத்தோடு நின்றுவிடும். ஒருத்திக்குப் பாட்டு இருந்தது, மதிப்பு இல்லை. இன்னொருத்திக்கு மதிப்பு இருந்தது, பாட இடமில்லை.

இந்தப் பூட்டைத் திறந்தது பின்னணிக் குரல். 1939-ல் கே. சுப்ரமணியம் எடுத்த ‘தியாகபூமி’யில் டி.கே. பட்டம்மாள் பாடினார். கல்கியின் கதை அது. தன்னை விரட்டிய கணவனோடு வாழ மறுத்து, அவனுக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்று ஒரு பெண் நீதிமன்றத்தில் சொல்லும் படம். காங்கிரஸ் சார்பு வெளிப்படையாக இருந்ததால் பிரிட்டிஷ் அரசு அதைத் தடை செய்தது. காஞ்சிபுரத்து ஆசாரக் குடும்பத்தில் பிறந்த பட்டம்மாள் திரையில் தோன்றச் சம்மதித்திருக்க மாட்டார். தேசபக்திப் பாட்டு, பக்திப் பாட்டு என்றால் முகம் தெரியாமல் பாட ஒப்புக்கொண்டார். 1947 தொடக்கத்தில், சுதந்திரம் இன்னும் வராதபோதே, ‘நாம் இருவர்’ படத்தில் குமாரி கமலா ஆட, பட்டம்மாள் குரலில் பாரதியின் பாட்டுகள் ஒலித்தன. மேடையில் பாரதியைக் கேட்க வாய்ப்பே இல்லாத லட்சக்கணக்கானவர்கள் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள்.

பூட்டு மறுபக்கமும் திறந்தது. பாகவதர் 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ கொடுத்தார். சென்னை பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளி கண்டது. அதே சமயத்தில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் சிறைக்குப் போனார். 1947-ல் விடுதலையாகி வந்தபோது காலம் மாறியிருந்தது. அவர் எடுத்த ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுதப் போனவர் புதுமைப்பித்தன். சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயரில் எங்கள் ஊரைச் சுமந்த அந்த எழுத்தாளர் அந்தப் பட வேலையின்போது காசநோய் முற்றி 1948-ல் இறந்துபோனார். படமும் தோற்றது. பாகவதரின் பாட்டு அப்போதும் பாட்டுதான், கேட்கிறவர்களுக்குத்தான் வேறொன்று தேவைப்பட்டது. அதே படத்தில் எம்.எல். வசந்தகுமாரி பின்னணி பாட வந்தது, வரப்போகும் காலத்துக்குக் கட்டியம்.

1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’. பாடத் தெரியாத சிவாஜி கணேசன் பேச்சினாலேயே நாட்டைப் பிடித்தார். பாட்டுப் பயிற்சி என்ற சுங்கச்சாவடி நீங்கியதும் நடிக்கத் தெரிந்தவர்கள், சண்டை போடத் தெரிந்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள் எல்லோரும் கதாநாயகர்கள் ஆனார்கள். 1954-ல் மதுரை டி.எம். சௌந்தரராஜன் ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜிக்குப் பாடினார், ‘மலைக்கள்ளன்’ படத்தில் எம்.ஜி.ஆருக்குப் பாடினார். இரண்டு துருவங்களுக்கும் ஒரே தொண்டை. சிவாஜிக்கு என்றால் அடிவயிற்றிலிருந்து கனமாக எடுப்பார், எம்.ஜி.ஆருக்கு என்றால் சற்றுக் கூர்மையாக, துள்ளலாக எடுப்பார். கண்ணை மூடிக் கேட்டாலும் யார் படம் என்று தெரியும்.

பாட்டின் உடம்பும் மாறியது. ராக ஆலாபனைக்கு இடம் குறைந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் பல்லவி, சரணம் என்று கச்சிதமானது. முதலில் பாட்டைப் பதிவு செய்துவிட்டு, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு நடிகர் வாயசைக்கும் முறை நிலைபெற்றது. மைக்கிலிருந்து விடுதலையான நடிகர் வயலில் ஓடினார், மாட்டுவண்டியில் ஏறினார். பாட்டும் அரண்மனையை விட்டு வெளியே வந்தது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் உழவர் வீட்டில் பிறந்து, பொதுவுடைமை மேடைகளில் நின்று, திரைக்கு வந்தவர். 1959-ல் 29 வயதில் இறப்பதற்குள் உழைக்கிறவனின் கோபத்தையும் நம்பிக்கையையும் எல்லோரும் முணுமுணுக்கிற எளிய சொற்களில் வைத்துவிட்டார். அந்தச் சொற்களை எம்.ஜி.ஆர். வாயசைத்து, டி.எம்.எஸ். பாடியபோது அரசியலும் கலந்தது. 1977-ல் எம்.ஜி.ஆர். முதலமைச்சராகும் வரை ஊர்த் தேர்தல் மேடைகளில் ஒலிபெருக்கி வழியாக வாக்குக் கேட்டதில், தேர்தலில் நிற்காத ஒரு மதுரைக்காரரின் குரலுக்கும் பங்குண்டு.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் இதே நுட்பம் இருந்தது. 1927-ல் ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தில் ஆல் ஜோல்சன் வாய் திறந்து பாடியதில் தொடங்கிய அவர்களுடைய இசைப்படங்கள், 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்களுக்கு ஆட்டமும் பாட்டுமாகத் தெம்பு கொடுத்தன. அந்த ஜோல்சனே முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பராக வேடம் கட்டியும் பாடினார். லீனா ஹார்ன் என்ற அருமையான கறுப்பினப் பாடகியின் காட்சிகளை, தெற்கு மாநிலக் கொட்டகைகளில் வெட்டிவிட வசதியாகத் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். 1954-ல் கறுப்பின நடிகர்களை மட்டுமே வைத்து ‘கார்மன் ஜோன்ஸ்’ எடுத்தபோது, தாமே பாடகியான டாரதி டேண்ட்ரிட்ஜுக்குக் குரல் கொடுத்தவர் மாரிலின் ஹார்ன் என்ற வெள்ளைக்காரப் பெண். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் நடாலி வுட்டுக்கும், ‘மை ஃபேர் லேடி’யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பாடியவர் மார்னி நிக்சன். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரைப் போடவில்லை. அங்கே பின்னணிக் குரல் வெளியே தெரியக் கூடாத ரகசியம்.

இங்கேயும் அந்த ஆபத்து இருந்தது. 1949-ல் வந்த ‘மஹல்’ இந்திப் படத்தின் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கர் பெயருக்குப் பதிலாகக் கதாபாத்திரத்தின் பெயரைத்தான் அச்சிட்டார்கள். ஆனால் ரகசியம் நிலைக்கவில்லை. கிட்டப்பாவையும் கே.பி. சுந்தராம்பாளையும் குரலுக்காகக் கொண்டாடிய நம் மக்கள், முகம் யாருடையதானாலும் “பாடினது யாரு?” என்று கேட்டார்கள். 1952-ல் அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவடைத்தபோது இலங்கை வானொலி அந்தக் காதுகளைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாடியவர் பெயரை அறிவிப்பாளர் அழுத்தம் திருத்தமாகச் சொன்னார். பி. சுசீலா, ஜிக்கி, பி.பி. ஸ்ரீனிவாஸ் எல்லோரும் முகம் பார்க்காமலே வீட்டு மனிதர்கள் ஆனார்கள். அமெரிக்கா மறைத்ததை நாம் மாலை போட்டு மேடையேற்றினோம். உலக சினிமாவுக்குத் தமிழ் ரசிகன் செய்த மரியாதைகளில் இது ஒன்று என்பேன்.

குறையும் சேர்ந்தே வளர்ந்தது. கதாநாயகிக்கு சுசீலா, கிளப்பில் ஆடுகிறவளுக்கு எல்.ஆர். ஈஸ்வரி என்று குரலிலேயே ஒழுக்கத்தைப் பிரித்து வைத்தார்கள். ஈஸ்வரி கோரஸ் பாடகியாகத் தொடங்கி, தனிக் குரலாக வளர்ந்து, பிறகு அம்மன் பாட்டுகளால் ஒவ்வொரு ஆடி மாதமும் தெருவை நிறைத்து அந்தப் பிரிவினையைத் தானே உடைத்தார். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது பண்ணைப்புரத்து வயல்வெளிப் பாட்டு முறைப்படி திரைக்குள் நுழைந்தது. அதற்கு இசையமைத்த இளையராஜாவும் அண்ணன் பாவலர் வரதராசனோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடி வளர்ந்தவர்தான். 1985-ல் ‘ஆண்பாவம்’ படத்தில் கொல்லங்குடி கருப்பாயி தானே நடித்துத் தானே பாடினார். 2003-ல் ‘தூள்’ படத்தில் பரவை முனியம்மாவும் அப்படியே. ‘பவளக்கொடி’ காலத்தில் பிரிந்திராத உதடும் குரலும் மறுபடி ஒன்றாயின. இந்த முறை அந்தச் சேர்க்கை சங்கீதம் படித்தவர்களிடத்தில் நடக்கவில்லை, நாற்று நட்டுக்கொண்டே பாடியவர்களிடத்தில் நடந்தது.

ஒரு குரலை உடம்பிலிருந்து பிரித்தெடுக்கும் கருவி, அதைக் கையாளும் சமூகத்தைப் பொறுத்துத் திருட்டாகவும் ஆகும், விடுதலையாகவும் ஆகும். இரண்டுக்கும் நடுவே நிற்பது பெயர்தான். விருத்தாசலத்து செராமிக் பட்டறைகளில் ஒரு பிள்ளையார் பொம்மையை நான்கைந்து பேர் செய்கிறார்கள். கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவது ஒருவர், காய்ந்ததும் பிசிறு தட்டித் தேய்ப்பது ஒருவர், வண்ணம் தீட்டுவது பெரும்பாலும் ஒரு பெண், சூளையில் வைத்துச் சுடுவது இன்னொருவர். பொம்மை கடைக்குப் போகும்போது அவர்களில் ஒருவர் பெயரும் அதில் இருக்காது. பின்னணிப் பாடகர்களுக்கும் அந்தக் கதிதான் வந்திருக்கும், “யாரு பாடினது?” என்று ஒரு கூட்டம் விடாமல் கேட்டிராவிட்டால். கோரஸில் நின்ற பெண்களுக்காக அதை நாம் போதிய அளவு கேட்கவில்லை. பொம்மை செய்கிற கைகளுக்காகக் கேட்கவே இல்லை. கேட்கத் தொடங்கலாம்.