மியூனிக்: ஓர் ஊர்ப்பெயர் வாதமான வரலாறு

வரலாற்று ஒப்புமை, ஆட்சியாளரின் வெளியுறவு முடிவுகளில் பெரும்பாலும் விரிந்த ஆராய்ச்சியாக நுழைவதில்லை. ஒரு சொல்லாகவே நுழைகிறது. 'அப்பீஸ்மென்ட்' என்னும் ஆங்கிலச் சொல் இதற்குத் தக்க சான்றாகும். அமைதிக்குக் கொணர்தல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த இச்சொல், 1930களின் இடைப்பகுதியிலும் பிரித்தானிய அரசியலில் நற்பொருளில் வழங்கிற்று. ஐரோப்பா முழுமைக்குமான 'அப்பீஸ்மென்ட்' தம் நோக்கம் என 1936இல் நாடாளுமன்றத்தில் பேசியவர் அயலுறவு அமைச்சர் ஆந்தனி ஈடன்.

1938 செப்டம்பர் இறுதியில் மியூனிக் நகரில் கூடிய நான்கு வல்லரசுகள், செக்கோஸ்லோவாக்கியாவைப் பேச்சில் சேர்க்காமலே அதன் சுடேட்டன் பகுதியை ஜெர்மனிக்கு அளித்தன. 1939 மார்ச்சில் ஹிட்லரின் படை பிராக் நகருள் புகுந்தது. அதன்பின் 'அப்பீஸ்மென்ட்' இழிபொருட்பேறு எய்தியது. 'மியூனிக்' கோழைத்தனத்திற்கு ஆகுபெயராயிற்று.

1956 ஜூலை 26இல் எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். அப்போது பிரதமராயிருந்த ஈடன் அவரிடம் முசோலினியைக் கண்டார். கால்வாய் எகிப்திய மண்ணில் இருந்தது என்பதும், பங்குதாரர்க்கு இழப்பீடு அறிவிக்கப்பட்டது என்பதும் அவ்வொப்புமையில் மறைந்தன. எதிர்க்கட்சித் தலைவர் கெயிட்ஸ்கெல்லும் தொடக்கத்தில் இதே ஒப்புமையைக் கையாண்டார். எனினும் போரை எதிர்த்தார். ஆகவே ஒப்புமை மட்டுமே முடிவை விளைவிப்பதன்று. எடுக்க விழையும் முடிவுக்கு அது அரண் செய்கிறது எனல் பொருந்தும். நவம்பரில் இறங்கிய பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள், அமெரிக்க நெருக்கடியாலும் பவுண்டின் சரிவாலும் டிசம்பரில் வெளியேறின. 1957 ஜனவரியில் ஈடன் பதவி விலகினார்.

1965 ஜூலை 28இல் வியட்நாமிலுள்ள படையை 75,000இலிருந்து 1,25,000ஆக உயர்த்துவதாக அறிவித்த ஜான்சனும் மியூனிக்கையே சான்றாக்கினார். அவர் அரசிலிருந்த ஜார்ஜ் பால் எடுத்துக்காட்டியது வேறு நிகழ்ச்சி: 1954இல் தியென் பியென் பூவில் பிரான்சு அடைந்த தோல்வி. வியட்நாமுக்கு இதுவே அணுக்கமான ஒப்புமை. ஆயின் அவ்வூர்ப்பெயர் ஆங்கிலத்தில் மியூனிக்கின் வலிமையைப் பெற்றிருக்கவில்லை. பிறர் தோல்வி என்றே அது கொள்ளப்பட்டது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இடர்ப்பாடு இங்கேதான் எழுகிறது. ஈடனின் 1936ஆம் ஆண்டு உரைக்கு 'அமைதிப்படுத்தல்' பொருந்தும். மியூனிக்கிற்குப் பிந்திய வழக்கிற்குப் 'பணிந்துபோதல்' வேண்டும். பேச்சு வழக்கின் 'தாஜா' இன்னும் நெருங்கியது. முன்னதையே எங்கும் ஆண்டால், 1956இல் ஈடன் அமைதியையே மறுத்தவராகத் தமிழில் தோன்றுவார். பின்னதையே ஆண்டால், 1936இல் பணிவைக் குறிக்கோளாக அறிவித்தவராவார்.